நூற்று இருபத்தெட்டுக்கு மேல்

கெய்சர் வீதிக்குப் பின்னால்
மருந்து மொத்தக்கடையின் இரண்டாம் மாடியில்
ஒரு சேவை ஓடுகிறது.
அதற்குச் சாளரம் இல்லை, முகம் இல்லை,
யாரும் உள்நுழையாவிட்டாலும் ஓடும்.
ஞாயிற்றுக்கிழமை ஷட்டர்கள் எல்லாம் விழுந்து
புறக்கோட்டை காகங்களின் கைக்குப் போனபிறகும் ஓடும்.

அதனோடு கதைக்கச் சொல் செல்லாது.
ஓர் எண் அனுப்பலாம். ஒன்றே ஒன்று,
நூற்று இருபத்தெட்டிலிருந்து
இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்குள்.
அதற்குக் கீழே கிடப்பவை
இயங்குதளத்துக்கு ஒதுக்கிய காணி.
நில். பொறு. தொடர்.
வேலி போட்டிருக்கிறது,
நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆக, எனக்கு மிஞ்சியவை நூற்று இருபத்தெட்டு எண்கள்.
தமிழுக்கு எழுத்தே இருநூற்று நாற்பத்தேழு.
பரவாயில்லை,
இன்சுலின் பெட்டிகளுக்காகச் சொல்ல வேண்டியது
அவ்வளவு இல்லை:

130, வெப்பத்தை இப்போதே அள.
131, ஜெனறேற்றரை எழுப்பு.
132, அதைத் தூங்க விடு.
140, அலாரத்தின் வாயைப் பொத்து, பத்து நிமிடம்.

ரம்சீன் எழுதிய சேவை.
பட்டியலை நீலப் பேனையால் ஒரு தாளில் கிறுக்கி
மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டு
டோகாவுக்குப் போய்விட்டான்.
கடைசி வரியில் 255.
அதற்கு எதிரே ஒன்றும் இல்லை,
தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் தவிர.
என்னவென்று கேட்டு அனுப்பினேன்.
சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது.
அதுவும் ஓர் எண்தான்.

வெள்ளி இரவு கரண்ட் போனது.
மடிக்கணினி வெளிச்சத்தில் 131ஐ அமத்தினேன்.
அனுப்பியாயிற்று என்றது செயலி.
அனுப்பியது மட்டும்தான் அதற்குத் தெரியும்.
செய்ததா, செய்யவில்லையா,
திரும்பி வரப் பாதை வைக்கவில்லை யாரும்.
காதைச் சுவரில் ஒட்டிவைத்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
பின்சந்தில் டீசல் இருமியது,
யோசித்தது,
இன்னொருதரம் இருமிப் பிடித்துக்கொண்டது.
பதில் கம்பி வழியே வரவில்லை.
சுவர் வழியே வந்தது,
செருப்புக்குக் கீழே தரை நடுங்கி வந்தது.
குளிரறை நாலு தசம் ஒன்றில் நின்றது.
கீழேயிருந்து காவலாளி சுனிமல் "ஹரி, மிஸ்!" என்றார்.
"ஹரி" என்றேன்.
எங்கள் இருவருக்கும் ஒதுக்கப்பட்டது
அந்த ஒரு சொல்.

இரண்டே முக்கால் மணி ஆகப்போகிறது.
செய்ய ஒன்றும் இல்லை,
துறைமுகப் பக்கம் ஏதோ கப்பல் நீளமாக ஊதுகிறது.
255ஐ அமத்தினேன்.

ஒன்றும் அசையவில்லை.
மறுபடி சுவரிடம் போனேன், அதே டீசல்.
தரை, அலாரம், அச்சுப்பொறி, எதிலும் இல்லை.
பிறகுதான் பதிவுக் கோப்பைத் திறந்தேன்.

02:41:07  இந்த நேரத்துல யாரு?

தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன்.
சிரிப்பு முடியுமுன்னே விரல் மேலே உருட்டியது.
அதே வரி.
02:55, இந்த நேரத்துல யாரு?
03:12, இந்த நேரத்துல யாரு?
நோன்பு மாதம் முழுக்க, சஹருக்குச் சற்று முன்.
அவனே எழுதிய கேள்வியை
அவனே அமத்தி
அவனே வாசித்திருக்கிறான்,
நூற்றுப் பதினேழு தடவை.
போவதற்கு முதல்நாள் ராத்திரி
ஒரே நிமிடத்தில் ஆறு.

எண்ணோடு பெயர் போகாது.
யார் அனுப்பினாலும் அதற்கு 255தான்;
நான் நூற்றுப் பதினெட்டாவது ஆள் இல்லை,
நூற்றுப் பதினெட்டாவது தடவை.

நீலப் பேனையைத் தேடி எடுத்து
தேநீர் வட்டத்துக்குள் என்ன எழுதுவது என்று
மூடியைக் கடித்துக்கொண்டிருந்தபோது
தலைக்கு மேல் குழல்விளக்கு இரண்டுதரம் கண்சிமிட்டியது.
கரண்ட்.

132.
காதைச் சுவரில் வைத்தேன்.
இம்முறை பதில்
சத்தம் நின்றுபோவது.
ஒன்று, இரண்டு,

"ஹரி, மிஸ்!"